கூகுள் எர்த், வேர்ல்ட் விண்ட், மார்பிள், சீசியம்: செயற்கைக்கோள் படம் பார்க்க எதை எடுப்பது?

கேள்வி இதுதான்: கணினியில் கூகுள் எர்த் இருக்கிறது. நாசாவின் வேர்ல்ட் விண்ட், மார்பிள், சீசியம், ஆர்க்ஜிஐஎஸ் எர்த் என்று வேறு பெயர்களும் காதில் விழுகின்றன. செயற்கைக்கோள் படங்களைத் தெளிவாகவும் புதிதாகவும் பார்க்க இவற்றில் எது சிறந்தது?

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், கூகுள் எர்த் ப்ரோ. கணினியில் நிறுவிக்கொள்ளும் பதிப்பு. இலவசம். ஆனால் கேள்வியில் ‘தெளிவாக’, ‘புதிதாக’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்து வருகின்றன. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இந்த விஷயத்தில் அந்த இரண்டும் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைப்பது அரிது. மிகத் தெளிவான படம் ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருக்கும். நேற்று எடுத்த படத்தில் வீடு தெரியாது.

திரையில் பூமி உருண்டையைச் சுழற்றுவது மென்பொருள். அதன் மேல் போர்த்தியிருக்கும் படம் வேறு எங்கிருந்தோ வருகிறது. லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் எடுத்த ஒரே படம் கூகுள் எர்த்திலும் வரும், வேர்ல்ட் விண்டிலும் வரும், சீசியத்திலும் வரும். ஒரு மென்பொருளில் ஓர் ஊர் பளிச்சென்று தெரிந்து இன்னொன்றில் மங்கலாகத் தெரிந்தால், முதல் மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டது என்று அர்த்தமில்லை. அதை நடத்துபவர்கள் அந்த இடத்துக்கு விலை கொடுத்து நல்ல படம் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே எந்த உருண்டையைத் திறந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது யார் எடுத்த படம், எந்தத் தேதியில் எடுத்தது?

படங்களின் வகையைத் தெரிந்துகொண்டால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் ஹிமவாரி போன்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் ஒரு பக்கத்தை முழுதாகப் படமெடுக்கின்றன. ஆனால் அதில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளி, தரையில் அரை கிலோமீட்டரிலிருந்து 2 கிலோமீட்டர் வரை. புயலைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. டெர்ரா, அக்வா என்ற நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி ஏறக்குறைய பூமி முழுவதையும் தினமும் எடுத்து வந்திருக்கிறது, 250 மீட்டர் பிக்சலில். லேண்ட்சாட்டில் ஒரு பிக்சல் 30 மீட்டர். ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். 8, 9 எண்ணுள்ள இரண்டும் சேர்ந்து பறப்பதால் 8 நாளுக்கு ஒரு படம். ஐரோப்பாவின் சென்டினல்-2 இன்னும் மேல்: 10 மீட்டர் பிக்சல், 5 நாளுக்கு ஒருமுறை. இவை எல்லாமே பொதுமக்களுக்கு இலவசம்.

அதைவிடச் சிறிய பிக்சல் வேண்டுமென்றால் வணிக நிறுவனங்களின் உலகம். 2014இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் வரை பார்க்கும். காரை லாரியிலிருந்து பிரித்துச் சொல்லலாம். ஆனால் யாராவது காசு கொடுத்துக் கேட்கும் இடத்தைத்தான் அது முதலில் எடுக்கும். பெரிய நகரங்களின் மேல் இன்னும் தெளிவாக, ஜன்னல் கம்பி தெரிகிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் செயற்கைக்கோள் படமே இல்லை, விமானத்திலிருந்து எடுத்தது.

பிக்சல் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் காமில் பள்ளம். 2008இல் வின்சென்சோ டி மிக்கேலே என்ற இத்தாலியக் கனிமவியலாளர் கூகுள் எர்த்தில் எகிப்தின் தென்பகுதிப் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வட்டமாக ஒரு குழியைக் கண்டார். பிறகு ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்து, விண்கல் விழுந்து உண்டான பள்ளம்தான் என்று உறுதி செய்தார்கள். அதன் குறுக்களவு 45 மீட்டர். லேண்ட்சாட் படத்தில் அது ஒன்றரைப் பிக்சல். மோடிஸ் படத்தில் இருந்த சுவடே தெரியாது. ஆள் நடமாட்டமில்லாத அந்த மணல்வெளிக்கும் நுட்பமான படம் போர்த்தப்பட்டிருந்ததால்தான் அது அவர் கண்ணில் பட்டது. மொசாம்பிக்கின் மாபு மலைக்காடு இதற்கு நேர்மாறு. ஜூலியன் பேலிஸ் என்ற ஆய்வாளர் 2005இல் அதையும் கூகுள் எர்த் மூலம்தான் தேடிப்பிடித்தார். அது பல ஆயிரம் ஹெக்டேர் விரிந்த காடு. அதற்கு லேண்ட்சாட் தரத்துப் படமே போதும். தேடும் பொருளின் அளவைவிடப் பிக்சல் பல மடங்கு சிறியதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத் தேட உட்கார்ந்தால் நிறைய நேரம் மிச்சமாகும்.

சரி, மென்பொருள்களுக்கு வருவோம்.

கூகுள் எர்த்தின் கதை கீஹோல் என்ற சிறு நிறுவனத்தில் தொடங்குகிறது. அவர்கள் செய்த எர்த்வியூவர் 2003 ஈராக் போரின்போது தொலைக்காட்சிச் செய்திகளில் வந்து பிரபலமானது. 2004இல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த் என்று வெளியிட்டது. ப்ரோ பதிப்புக்கு வருடத்துக்கு 399 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2015 ஜனவரியில் அதை இலவசமாக்கினார்கள். பரப்பளவு அளப்பது, பெரிய அளவில் படத்தைச் சேமிப்பது, ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தரவுக் கோப்புகளைத் திறப்பது எல்லாம் அதில் உண்டு. உலவியில் திறக்கும் கூகுள் எர்த் பார்க்க அழகாக இருக்கிறது, கதை சொல்ல ஏற்றது. ஆனால் வேலைக்கு நான் இன்னும் ப்ரோவைத்தான் திறக்கிறேன்.

முக்கியமான காரணம், பழைய படங்கள். 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு கடிகாரச் சின்னம் சேர்ந்தது. அதை அழுத்தினால் மேலே காலப் பட்டை ஒன்று வரும். பின்னோக்கி இழுத்தால் அதே இடம் வருடம் வருடமாகப் பின்னால் போகும். ஓர் ஏரி சுருங்கியதையும் ஒரு காடு வெட்டப்பட்டதையும் ஒரு ஆறு கரையைத் தின்றதையும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது. இந்த வசதி 2024இல்தான் இணையப் பதிப்புக்கும் வந்தது. இவ்வளவு நுட்பமான பழைய படங்கள் இத்தனை இடங்களுக்கு வேறு எந்த இலவச உருண்டையிலும் இல்லை. இதற்காக மட்டுமே அதை நிறுவலாம்.

ஆனால் அந்தப் பட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 1980களுக்கு இழுத்தால் டிசம்பர் 31 என்று தேதி காட்டும். அது அந்த நாளில் எடுத்த படம் இல்லை, அந்த வருடத்து லேண்ட்சாட் படங்களைச் சேர்த்துத் தைத்தது. அதேபோல் படத்தின் அடியில் ‘©’ குறியோடு வரும் வருடம் உரிமை அறிவிப்புக்கான வருடம், படமெடுத்த வருடம் இல்லை. பலரும் இதில் ஏமாந்துபோகிறார்கள். உண்மையான தேதி கீழே உள்ள நிலைப்பட்டையில் தனியாக வரும். அதையும் போதுமான அளவு கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து தெரியும் மேகமில்லாத பூமி, பல வருடத்துப் படங்களிலிருந்து நல்ல பிக்சல்களைப் பொறுக்கிச் சேர்த்தது. அதற்கு ஒரு தேதி கிடையாது.

இன்னொரு தவறை நானே செய்திருக்கிறேன். ஆற்றங்கரை ஒன்று நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வருடத்துப் படங்களில் கோடு போட்டு அளந்தேன். பத்து மீட்டர் நகர்ந்திருந்தது. சந்தோஷமாகக் குறித்துவைத்த பிறகுதான் பக்கத்திலிருந்த பாலமும் சாலையும் அதே திசையில் அதே பத்து மீட்டர் நகர்ந்திருப்பதைக் கவனித்தேன். நகர்ந்தது கரை இல்லை, படம். ஒவ்வொரு தேதியின் படமும் உருண்டையில் சில மீட்டர் தள்ளி ஒட்டப்பட்டிருக்கலாம், மேடு பள்ளமான இடத்தில் இன்னும் அதிகமாக. அன்றிலிருந்து எதை அளந்தாலும் முதலில் அசையாத ஒரு பொருளை, ஒரு கட்டடத்தின் அடிமூலையை, இரண்டு படத்திலும் குறித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

நாசா வேர்ல்ட் விண்ட் கூகுள் எர்த்துக்கு ஒரு வருடம் மூத்தது. 2004இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திலிருந்து, நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூல மென்பொருளாக வந்தது. முதலில் விண்டோஸில் மட்டும் ஓடும் நிரலாக இருந்தது. வீட்டுக் கணினியில் லேண்ட்சாட் படம் போர்த்திய பூமியைச் சுழற்றிப் பார்த்த அனுபவத்தைப் பலருக்கும் முதலில் கொடுத்தது அதுதான். அதன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் இப்போது அதைத் தேடிப் பதிவிறக்கி, கூகுள் எர்த் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது பிறகு ஜாவா நிரலாளர்களுக்கான கருவிப்பெட்டியாக மாறியது, அப்புறம் உலவிக்கான வடிவமும் வந்தது. 2019இல் நாசா அதன் வளர்ச்சியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சொந்தமாகச் செயலி எழுதுபவர் அதன் நிரலைப் படித்துக் கற்றுக்கொள்ளலாம். சும்மா படம் பார்க்க வேண்டியவருக்கு அது தேவையில்லை.

மார்பிள் வேறு ரகம். கேடிஇ என்ற நிரலாளர் சமூகம் செய்த திறமூல மென்பொருள். அதன் பெரிய குணம், பழைய கணினியிலும் ஓடும், நல்ல கிராபிக்ஸ் அட்டை கேட்காது, இணையம் இல்லாவிட்டாலும் அடிப்படை வரைபடங்களோடு திறக்கும். பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் காட்டும். 1689ஆம் ஆண்டு உலக வரைபடம் ஒன்றையும் உருண்டையில் போர்த்திக் காட்டும், அது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். செயற்கைக்கோள் படம் என்ற வகையில் மட்டும் அது பலவீனம். அதில் வருவது நாசாவின் ப்ளூ மார்பிள் தொகுப்பு. மூலத்திலேயே ஒரு பிக்சல் 500 மீட்டர். கண்டங்களையும் மலைத்தொடர்களையும் சொல்லிக்கொடுக்க அருமையானது. ஒரு தெருவைத் தேட உதவாது.

சீசியம் இப்போது நிரலாளர்கள் நடுவே முதலிடத்தில் இருக்கிறது, அதற்குத் தகுதியும் இருக்கிறது. ஏஜிஐ என்ற விண்வெளி மென்பொருள் நிறுவனத்தில் 2011இல் தொடங்கி, அடுத்த வருடமே திறமூலமாக்கப்பட்டது. 2019இல் தனி நிறுவனமானது. 2024இல் பென்ட்லி சிஸ்டம்ஸ் அதை வாங்கியது. இது எப்படி வேலை செய்கிறது என்பதில் ஓர் அழகான நுணுக்கம் உண்டு. கிராபிக்ஸ் அட்டைகள் வழக்கமாக 32 பிட் எண்களில் கணக்குப் போடும். பூமியின் மையத்திலிருந்து தரைக்கு 63 லட்சம் மீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய எண்ணை 32 பிட்டில் வைத்தால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். விளைவு, தரைக்குக் கிட்டப் போனால் கட்டடங்கள் நடுங்கும். சீசியம் இடத்தைக் குறிக்கும் ஒவ்வொரு ஆய எண்ணையும் இரண்டு எண்களாகப் பிரித்து வைத்து அந்த நடுக்கத்தைப் போக்குகிறது. விண்வெளியிலிருந்து ஒரு கதவு வரைக்கும் தடங்கலில்லாமல் இறங்க முடிவதற்கு இந்த மாதிரி வேலைகள்தான் அடித்தளம். ஆனால் இதுவும் பார்வையாளருக்கான செயலி இல்லை. சொந்தத் தளத்தில் ஒரு பூமி உருண்டையை வைத்து, அதில் தன் தரவைக் காட்ட விரும்புபவருக்கானது. படத்தை வெளியிலிருந்துதான் ஊட்ட வேண்டும், மைக்ரோசாஃப்டின் பிங் வரைபடப் படம் அல்லது சென்டினல்-2 என்று.

எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் எர்த்தும் இலவசம். அலுவலகங்களில் ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்பு, வரைபடத்தை இணையம் வழியே தரும் டபிள்யூஎம்எஸ் சேவை என்று புழங்குபவர்களுக்கு கூகுள் எர்த்தைவிட இது இணக்கமாக இருக்கும். எஸ்ரியிடம் நான் அதிகம் மதிப்பது வேறொன்று: வேபேக் என்ற இணையச் சேவை. 2014 முதல் அவர்களுடைய உலகப் படத்தொகுப்பு ஒவ்வொரு முறை மாறியபோதும் எப்படி இருந்தது என்று அதில் பார்க்கலாம். கூகுளில் கிடைக்காத ஒரு வருடம் சில நேரம் இங்கே கிடைத்துவிடும். இங்கேயும் தேதிதான் சிக்கல். பட்டியலில் இருப்பது வெளியிட்ட தேதி. படமெடுத்த தேதியை அந்த இடத்தின் மேல் சொடுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ‘புதிதாக’ என்ற சொல்லுக்கு வருகிறேன். வெள்ளம், காட்டுத்தீ, எரிமலை, புழுதிப்புயல் என்று இந்த வாரம் நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே சொன்ன உருண்டைகளைத் திறந்து பயனில்லை. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்துக்குப் போங்கள் (பெயர் ஒன்றுதான், வணிகச் செயற்கைக்கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). படமெடுத்த சில மணி நேரத்திலேயே அங்கே வந்துவிடும். தட்டை வரைபடம்தான், ஆனால் வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் தனித்தனிக் காட்சி வைத்திருக்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறை 85 டிகிரி அட்சரேகைக்கு மேல் போகாது. அந்த வரைபடத் துண்டுகளையே உருண்டையில் ஒட்டும் மென்பொருள்களில் துருவம் ஓட்டையாகவோ இழுத்துப் பூசியதாகவோ தெரியும்.

அடுத்தது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளம். சென்டினல் படங்கள் எல்லாம் தேதி வாரியாக அங்கே உண்டு, மேகமில்லாத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பார்க்க முடிவதுதான் இதன் அருமை. சென்டினல்-2 மொத்தம் 13 அலைவரிசைகளில் பதிவு செய்கிறது. அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாக வைத்துப் பார்த்தால் செழிப்பான செடிகொடிகள் இரத்தச் சிவப்பாக எழும். வாடியவை வெளிறிக் கிடக்கும். எரிந்த காடு கருப்பாகத் தனியே நிற்கும். கூகுள் எர்த்தில் எல்லாமே பச்சை. பயிர், காடு, நீர்நிலை இவற்றைக் கவனிப்பவர்களுக்கு 30 சென்டிமீட்டர் வண்ணப்படத்தைவிட இந்த 10 மீட்டர் பொய்நிறப் படம் அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம். மேகம் மூடியிருந்தால் சென்டினல்-1 ரேடார் படம் இருக்கிறது. மழைக்காலத்து வெள்ளத்தை அதில் இரவிலும் பார்க்கலாம், தேங்கிய நீர் கருப்பாகத் தெரியும்.

எல்லா உருண்டைகளுக்கும் பொதுவான சில கோளாறுகள் உண்டு, தெரிந்துகொள்வது நல்லது. மேடு பள்ளம் காட்டும் உயரத் தரவு வேறு, மேலே போர்த்தும் படம் வேறு. உயரத் தரவின் பெரும் பகுதி 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் ரேடாரால் அளந்ததிலிருந்து வளர்ந்தது. அதற்குப் பாலம் தெரியாது, பள்ளத்தாக்குதான் தெரியும். அதனால் பாலத்தின் படம் உருகி வழிந்த மாதிரி ஆற்றுக்குள் இறங்கிக் கிடக்கும். பறக்கும் விமானம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்து ஆவி போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கருவி ஒவ்வொரு நிறத்தையும் சற்று முன்னும் பின்னுமாகப் பதிவதால், இடையில் விமானம் நகர்ந்துவிடுகிறது.

கடலுக்குள் தெரிவது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அங்கே நாம் காண்பது பெரும்பாலும் படமே இல்லை, ஆழ அளவீடுகளிலிருந்து வரைந்தது. 2009இல் கேனரி தீவுகளுக்கு அருகே கடலடியில் கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிந்தபோது மூழ்கிய அட்லாண்டிஸ் நகரம் என்று பேச்சு எழுந்தது. உண்மையில் அவை ஆழம் அளந்த கப்பல்கள் போன தடங்கள். நியூ கலிடோனியாவுக்கு மேற்கே சாண்டி தீவு என்று ஒன்று கூகுள் எர்த்தில் கருப்புத் திட்டாக இருந்தது. 2012 நவம்பரில் சதர்ன் சர்வேயர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போனது. தீவு இல்லை, 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமான கடல்தான். பழைய கடல் வரைபடங்களின் பிழை அப்படியே தரவுகளில் ஏறி வந்திருந்தது.

எனவே ஒரு இடத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தால் நான் செய்வது: ப்ரோவில் கிட்டப் போய்த் தேதியைக் குறித்துக்கொள்வேன், காலப் பட்டையில் முன்னும் பின்னும் இரண்டு படம் பார்ப்பேன், பிறகு அதே இடத்தின் அண்மைப் படத்தைக் கோப்பர்நிக்கஸ் பிரவுசரில் எடுப்பேன். இரண்டிலும் தெரிந்தால் நம்புவேன். குறித்த இடங்களை எப்போதும் கேஎம்எல் (KML) என்ற வடிவக் கோப்பாகச் சேமித்துவையுங்கள். கீஹோல் காலத்தில் பிறந்த அந்த வடிவம் 2008இல் புவியியல் தரவுத் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பின் பொதுத் தரமானது. கூகுள் எர்த், ஆர்க்ஜிஐஎஸ் எர்த், மார்பிள், சீசியம் எல்லாமே அதைத் திறக்கும். நாளைக்கு வேறு உருண்டைக்கு மாறினாலும் குறித்துவைத்த இடங்கள் கூடவே வரும்.